சங்குமேட்டுப் பள்ளிக்கூடத்தின் நிழல்

சங்குமேட்டு ஆரம்பப் பள்ளிக்கூடத்தை இடித்து, கல்லையும் கம்பியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, இங்கே இப்படி ஒன்று இருந்ததா என்று கேட்கிற மாதிரி தரையைக் கூட்டிப் பெருக்கி விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறியதும், எப்போதும் விழுகிற இடத்தில், எப்போதும் விழுகிற நேரத்தில், அந்தப் பள்ளிக்கூடத்தின் நிழல் வந்து மேற்கே விழுந்தது. ஓட்டுக்கூரையின் சாய்வு, வடக்கு அறை, தெற்கு அறை, நடுவில் வராந்தா, ஜன்னல்கள் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக வெளிச்சம், ஒரு ஓரத்தில் கொடிக்கம்பம் என்று ஒன்றும் குறையாமல் விழுந்தது. முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நேற்று வரைக்கும் செய்த மாதிரியே, வெயிலை விட்டு விலகி நிழலுக்குள் போய் நின்றுகொண்டார்கள்.

எப்படி விழுகிறது, ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. சங்குமேட்டில் மரம் கிடையாது. நாலு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாக வெள்ளை, கண்ணைத் திறந்தால் கூசும், மூடினாலும் கூசும். யாராவது ஒரு வேப்பங்கன்றை வைத்தால் உப்புக்காற்று அதை வாரத்துக்குள் தின்றுவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு நிழல் தானாக வந்தால், நீ எந்தக் கட்டடத்து நிழல், அந்தக் கட்டடம் எங்கே என்று விசாரிப்பது மரியாதை இல்லை அல்லவா?

ஆனால் அந்த நிழலுக்கு ஒரு குணம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது குளிர்ந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் பஸ் கண்டக்டர். வெளியூர்க்காரர். வண்டி நின்ற நேரத்தில் இறங்கி நிழலுக்குள் நின்று பார்த்தார், வேர்வை நிற்கவில்லை, உச்சந்தலை சுட்டது. குனிந்து பார்த்தால், அவ்வளவு பெரிய நிழலுக்குள்ளே அவருடைய நிழல் மட்டும் தனியாக, கன்னங்கரேலென்று, ஒட்டாமல் விழுந்து கிடந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அப்படித் தனி நிழல் இல்லை. அவர்கள் பள்ளிக்கூடத்து நிழலோடு கலந்து போயிருந்தார்கள்.

ஊர் இதையும் ஒரு நாளில் பழகிக்கொண்டது. வடக்கு அறை நிழலில் மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்பு, தெற்கு அறை நிழலில் ஒன்றும் இரண்டும் என்று, யார் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்களோ அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வகுப்பில் மூன்று தடவை தோற்ற டீக்கடை சவரிராயன், பேரன் எடுத்த வயதிலும் தெற்கு அறையிலேயே காலை நீட்டிப் படுத்தார். ஜன்னல் வெளிச்சம் விழுகிற கட்டங்களில் பெண்கள் மிளகாய் வற்றல் காயவைத்தார்கள், வெளிச்சம் நகர நகர முறத்தையும் நகர்த்தினார்கள். உச்சிவேளையில் நிழல் சுருங்கிச் சுவர் இருந்த ஓரத்துக்கு ஒண்டியபோது எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்து நிழலின் உச்சியில் ஒரு கொடியின் நிழல் ஏறிப் படபடத்தது, எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். மேகம் போட்ட நாளில் முணுமுணுத்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் நானும் இங்கே படித்தவன்தான் என்று சொல்லிக்கொண்டே நிழலுக்குள் கால் வைத்தார், அவருடைய நிழல் தொப்பென்று தனியாக விழுந்தது. வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் வெயிலில் நின்று பார்த்து வயிறு எரிந்தவள் பேச்சிக்கனி.

அவள் வெளியூர்க்காரி இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே மகனைப் பெற்று வளர்த்து, அங்கேயே தாலியறுத்தவள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் அம்மா கூட்டிக்கொண்டு போனபோது, அந்தக் காலத்து வழக்கப்படி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் வயது வந்துவிட்டது, தொடாவிட்டால் வரவில்லை. பேச்சிக்கனியின் கை எட்டவில்லை. அவள் கழுத்தைச் சாய்த்தாள், காதை மேலே இழுத்தாள், நாக்கைக் கடித்தாள், விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு இடம் இருந்தது. அடுத்த வருஷம் வா தாயி என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் கை எட்டியது, ஆனால் அதற்குள் வீட்டில் தங்கபுஷ்பம் பிறந்துவிட்டாள். அம்மா உப்பளத்து வேலைக்குப் போனாள், பேச்சிக்கனி இடுப்பில் தங்கச்சி ஏறினாள்.

தங்கச்சி சீக்கிரம் பள்ளிக்கூடம் போனால் தனக்கும் விடுதலை, தானும் கூடவே போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள் அக்கா. தினமும் விளக்கெண்ணெய் தடவி அந்தச் சின்னக் கையை உருவி உருவி இழுத்தாள். குழந்தை அலறும். இழுத்த இழுப்பில் தங்கபுஷ்பத்தின் கை வயதுக்கு முன்னாடியே காதைத் தாண்டிக் கன்னத்தைத் தொட்டது. வாத்தியார் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கே அம்மா, இனி என்ன, நீ சும்மாதானே இருக்கிறாய் என்று பேச்சிக்கனியின் கையில் உப்பு வாருகிற பலகையைக் கொடுத்துவிட்டாள். அன்று பிடித்த பலகையை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

இத்தனை வருஷமும் இதற்காக அவள் யார் மேலும் கோபப்பட்டதில்லை. தங்கச்சி ஐந்தாவது வரை படித்துவிட்டு அதே அளத்துக்குத்தான் வந்தாள், அதே பலகையைத்தான் பிடித்தாள். படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் உப்பு ஒரே மாதிரிதான் காலைத் தின்றது. இந்தப் பாழாய்ப்போன நிழல் வந்து விழுந்த பிறகுதான், இரண்டு பேரும் ஒன்று இல்லை என்று ஊருக்கே தெரிந்தது.

தங்கபுஷ்பம் புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை சாப்பிட்டாள், கோயிலில் கிடந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நிழல் விழுந்த பிறகு, வேலை முடிந்து மத்தியானம் வந்து ஐந்தாம் வகுப்பு இடத்தில் தலையைச் சாய்த்தாளோ இல்லையோ, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். தேறிவிட்டாள் என்று ஊரே சொன்னது. பேச்சிக்கனியும் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். நிழலுக்குள்ளே அவளுடைய நிழல் தனியாகக் கருத்து, தங்கச்சி மேல் விழுந்தது.

தங்கபுஷ்பம் பாதித் தூக்கத்தில் நெளிந்தாள். "யக்கா, செத்த தள்ளி உக்காரு. ஒன் நிழலு எம்மேல விழுது. சுடுது."

பேச்சிக்கனி தள்ளி உட்கார்ந்தாள். தங்கச்சி மறுபடியும் தூங்கிப்போனாள், அப்படி ஒரு வார்த்தை சொன்னதே அவளுக்கு ஞாபகம் இருந்திருக்காது. ஆனால் பேச்சிக்கனியின் வயிற்றுக்குள் அது உப்புக்கல் மாதிரி விழுந்து கரையாமல் கிடந்தது. நான் இழுத்த கை, நான் சுமந்த உடம்பு, என் நிழல் அவளுக்குச் சுடுகிறதாம்! தண்ணீர் குடித்தாலும் அந்த வார்த்தை, தலை சீவினாலும் அந்த வார்த்தை.

மறுநாள் அவள் எல்லோர் முன்னாலும், வாசல் நிழல் விழுகிற இடத்தில் போய் நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைப் பிடித்தாள்.

"எட்டுது. நல்லாப் பாத்துக்கிடுங்க. காது மடலு முழுசும் எட்டுது," என்றாள்.

நிழல் அசையவில்லை. அவள் காலடியில் அவள் நிழல், ஒரு கையைத் தலைமேல் வளைத்துக்கொண்டு, கரிக்கட்டையாகக் கிடந்தது. சவரிராயன் நல்ல மனுஷன், சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "விடு பேச்சி, இப்ப என்னத்துக்கு? இந்த வயசுல ஒன்னாப்புல சேந்து கலெக்டராவா ஆவப் போற?" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். பேச்சிக்கனியும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்திரையில், பள்ளிக்கூடத்தை இடித்து ஒரு வருஷம் ஆகிறபோது, படித்தவர்கள் எல்லாம் கூடிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விழா எடுப்பது என்று முடிவு செய்தார்கள். சென்னையில் இருப்பவன் வருவான், கப்பலில் இருப்பவன் வருவான், அதிகாரிகளைக் கூப்பிட வேண்டும், பாடம் நடத்தியவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்குச் சால்வை போட வேண்டும், நின்றுபோன பிரார்த்தனையை அன்றைக்கு ஒரு தடவை எல்லோரும் வரிசையில் நின்று பாட வேண்டும். கூட்டத்துக்கு ஓரத்தில் நின்றிருந்த பேச்சிக்கனி ரொம்பத் தன்மையாகக் கேட்டாள்:

"எல்லாஞ் சரி. வார அதிகாரிமாரு இங்கனயா படிச்சாவ? சித்திர வெயிலு மண்டையப் பொளந்துராதா? ஒரு பந்தலப் போடுங்களேன்யா."

கேட்டால் நியாயம்தான். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்காதவளுக்கு இருக்கிற யோசனை நமக்கு இல்லையே என்று சவரிராயன் மெச்சிக்கொண்டார். பக்கத்து ஊரான கொட்டாய்ப்புளியிலிருந்து ஆள் வந்து கம்பு நட்டார்கள், கீற்று வேய்ந்தார்கள், எள்ளளவு வெயிலும் தரையில் படாத மாதிரி நெருக்கமாக வேய்ந்தார்கள். இன்னும் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை என்று கூடவே நின்று வேலை வாங்கினாள் பேச்சிக்கனி. ஐந்தாம் வகுப்பு இடத்துக்கு மேலே மட்டும் இரட்டைக் கீற்று.

விழா நன்றாக நடந்தது. ஒரு காலத்தில் டவுசர் கிழிந்து நின்றவர்கள் தொப்பையோடு நின்று பிரார்த்தனை பாடினார்கள், பாதியில் குரல் உடைந்து அழுதார்கள். எண்பது வயது டீச்சரம்மா ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, செத்துப்போன பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார், ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் உள்ளேன் அம்மா என்று சொன்னார். தங்கபுஷ்பத்தின் புருஷன் பெயர் வந்தபோது தங்கபுஷ்பமே சொன்னாள். ஆனால் அத்தனைக்கும் நடுவில் ஜனங்கள் புழுங்கினார்கள். சட்டையை உதறினார்கள், அட்டையால் விசிறினார்கள், எங்கே அந்தக் குளிர்ச்சி என்று கையை நீட்டித் தேடினார்கள். பந்தலுக்குக் கீழே இருந்தது பந்தல் நிழல். அது படித்தவன், படிக்காதவன் பார்க்காத நிழல். எல்லோருக்கும் ஒரே மாதிரி வேர்த்தது. பேச்சிக்கனி தங்கச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, வேர்வை வழிய வழிய, வாழ்நாளில் அன்றுதான் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

மறுநாள் கீற்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வண்டி போனது. வெயில் தரையில் விழுந்தது. நிழல் விழவில்லை.

அடுத்த நாளும் விழவில்லை. ஜனங்கள் வெறும் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மிளகாய் முறத்தோடு வந்தவள் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பள்ளிக்கூடத்தை இடித்தபோது கூட அழாதவர்கள் அப்போது அழுதார்கள். பந்தல் போட்டது தப்பு, நிழலுக்கு மேல் நிழல் போட்டதில் அதற்கு ரோஷம் வந்துவிட்டது என்றார் சவரிராயன். யார் போடச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. பேச்சிக்கனி வீட்டுக்குள் உட்கார்ந்து, இனி எல்லோரும் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே வெயில்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள் அது தித்தித்தது. மூன்றாம் நாள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். கண் குழிந்து, உதடு வெடித்து, தூங்காத மனுஷியாக அந்தத் தரையில் ஐந்தாம் வகுப்பு இருந்த இடத்தில் வெயிலில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தாள். அப்புறம் பேச்சிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அளத்துக்கு வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். கிழக்கே சூரியன் கிளம்பியது. முன்னால் போன பெண்கள் ஏதோ பேசத் திரும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பேச்சிக்கனியும் திரும்பிப் பார்த்தாள். அவள் குதிகாலிலிருந்து தொடங்கி மேற்கே, வெள்ளைப் பாத்திகளின் மேல், ஓட்டுக்கூரை, இரண்டு அறை, வராந்தா, கட்டம் கட்டமாக ஜன்னல், கொடிக்கம்பம் எல்லாம் நீண்டு கிடந்தன. அவள் நடந்தாள், பள்ளிக்கூடம் நடந்தது. நின்றாள், நின்றது. பின்னால் வந்த ஒருத்தி அந்த நிழலுக்குள் கால் வைத்து, "குளுருதுட்டி! ஏ யம்மா, குளுருது!" என்று கத்தினாள்.

மத்தியானத்துக்குள் ஊர் இதையும் பழகிக்கொண்டது. பேச்சிக்கனிக்கு எந்தப் பாத்தியில் வேலையோ அதற்குப் பக்கத்துப் பாத்தியைக் கேட்டு வாங்கினார்கள். பேச்சி, கொஞ்சம் தெற்கே தள்ளி நில், யக்கா, வடக்கே ஒரு எட்டு வா என்று கெஞ்சினார்கள். அவளுக்கு மோர் வந்தது, நுங்கு வந்தது, சவரிராயன் கடையிலிருந்து இரட்டைச் சீனி போட்ட டீ வந்தது. ஒருநாளும் யாரும் கூப்பிடாதவளுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நடந்தது. ராணி மாதிரித் தெருவுக்குத் தெரு போனாள். பிடித்தவர்கள் வீட்டு வாசலில் நின்றாள், காதைப் பிடித்து நின்ற அன்று சத்தமாகச் சிரித்தவர்களின் வாசலை வேகமாகக் கடந்தாள்.

பிறகு, ஆள் இல்லாத ஒரு வரப்பில், அவள் அதற்குள் போகப் பார்த்தாள். திரும்பித் தாவினாள், நிழலும் தாவியது. சுற்றிச் சுற்றி ஓடினாள், பள்ளிக்கூடம் பாத்திகள் மேல் சுற்றிச் சுற்றி ஓடியது. கீழே உட்கார்ந்தாள், கூரை இறங்கித் தரையோடு தட்டையாகிப் போனது. தன் நிழலில் தான் உட்கார முடியாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூச்சு வாங்க நின்று, ஊருக்கே நிழல் கொடுத்துக்கொண்டு தான் மட்டும் வெயிலில் நிற்பதை நினைத்தபோது அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எனக்கு இல்லாதது ஒருத்திக்கும் வேண்டாம். மகன் மதுரையில் இருக்கிறான். போய்விட்டால் நிழலும் கூடவே வந்துவிடும், மதுரையில் எவன் சங்குமேட்டில் படித்தவன்?

பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்கு ரோட்டோரம் போய் நின்றாள். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது, நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்தோ தங்கபுஷ்பம் வந்தாள். அவள் அக்காவைப் பார்க்கவும் இல்லை, பையைப் பார்க்கவும் இல்லை. தள்ளாடிக்கொண்டே வந்து, வடக்கு அறை நிழலில், ஐந்தாம் வகுப்பு இடத்தில், புழுதியில் அப்படியே சரிந்து, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துத் தூங்கிவிட்டாள்.

பஸ் வந்து நின்றது. "ஏறுதியளா, இல்லையா?" என்று கேட்டார் கண்டக்டர்.

பேச்சிக்கனி ஒரு காலைப் படியில் வைத்தாள். கூரையின் நிழல் நகர்ந்து, தங்கச்சி முகத்தில் வெயில் பட்டது. அவள் இமை துடித்தது, உதடு அழுகைக்குக் கோணியது. பேச்சிக்கனி காலைக் கீழே எடுத்தாள். நிழல் திரும்பி வந்து முகத்தை மூடியது, உதடு நேரானது. இப்படி ஒரு தூக்கம் எனக்கு ஒரு நாள் வந்ததுண்டா, என்னை யாராவது இப்படிப் போட்டுத் தூங்க விட்டதுண்டா என்று நினைத்தாள், நினைக்க நினைக்கப் பொறாமையில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

வெயில் இறங்க இறங்க நிழல் நழுவியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும் அதற்குத் தக்க ஒவ்வொரு அடியாக நகர்ந்து நின்றாள், கூரை தங்கச்சியை விட்டு விலகாமல். முதுகு தீயாக எரிந்தது. தலையில் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்னக்கா, பையத் தூக்கிக்கிட்டு இப்படி வெயில்ல நிக்க? வீட்டுக்குப் போவலையா?"

"எங்கிட்டுப் போவ?" என்று எரிந்து விழுந்தாள் பேச்சிக்கனி. "இன்னும் பள்ளிக்கூடம் விடலைல்லா."